சோக ஆல்பத்தை மேடையேற்றுவது எப்படி: ஃபோக் ராக் குழுக்களுக்கான கையேடு

ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தாயிற்று. ஹெட்போனில் கேட்டால் காதோரம் அமர்ந்து பாடுவதுபோல் இருக்கிறது. அதே பாட்டை அரங்கில் வாசித்தால் குரல் டிரம்ஸுக்குப் பின்னால் எங்கோ தொலைந்துபோகிறது. குரல் கேட்கவில்லை என்று மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவர்கள் தம்மைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரை, கூட்டுகிறார்கள், அது விசிலடிக்கிறது. கிட்டார்காரர் தன் ஆம்ப்பைக் கூட்டுகிறார், டிரம்மர் இன்னும் அழுத்தி அடிக்கிறார். மூன்றாவது பாட்டுக்குள் மெல்லிய ஆல்பம் சாதாரண ராக் நிகழ்ச்சியாகிவிடுகிறது.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு. ஆல்பத்திலேயே மிக மெல்லிய இடம் எது என்று பாருங்கள். தனிக் கிட்டாரோடு கிசுகிசுப்பாகப் பாடும் இரண்டு வரியாக இருக்கலாம். அந்த இடம் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும்படி முதலில் மேடையை அமையுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல் கட்டப்பட வேண்டும். உரத்த பாட்டுக்கு மேடையை அமைத்துவிட்டு அங்கிருந்து கீழே இறங்க முடியாது. மெல்லிய குரலுக்குத் தேவையான கெய்ன் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) வைப்பதற்கு அந்த மேடையில் இடமே மிச்சம் இருக்காது.

எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது

பதிவில் ஒரு பாட்டுக்கு முப்பது டிராக், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகள், இருக்கலாம். மேடையில் இருப்பதோ ஐந்து பேர். மிக்ஸைத் திறந்து குரலையும் முக்கியக் கிட்டாரையும் தவிர எல்லாவற்றையும் மியூட் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு டிராக்காகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த டிராக் சேர்ந்ததும் பாட்டு முழுமையாகிவிட்டது என்று தோன்றுகிறதோ, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மிஞ்சுபவை பெரும்பாலும் பதிவின் அழகுக்காகச் சேர்ந்தவை. மேடையில் அவை ஒலி நெரிசலை மட்டும்தான் கூட்டும்.

இரட்டிப்பாகப் பதிவு செய்த குரல் இந்த வகை இசையில் அடிக்கடி வருவது. மேடையில் அதற்கு மிகச் சிறந்த மாற்று, இன்னொருவர் அதே சுரத்தில் மைக்கிலிருந்து சற்றுத் தள்ளி நின்று பாடுவதுதான். ஆள் இல்லையென்றால் 20 முதல் 35 மில்லிசெகண்ட் டிலே (குரலின் தாமதித்த நகல்) ஒன்றை, திரும்ப ஒலிக்காமல் ஒரே முறை மட்டும் வருமாறு, மூலக்குரலைவிடச் சுமார் 10 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். அதைவிட நீண்ட டிலே எதிரொலியாகத் தனித்துத் தெரியும். பதிவில் எட்டு வயலின் இருந்தால் மேடைக்கு ஒரு செல்லோ போதும். செல்லோ இல்லையென்றால் மெதுவாக மேலெழும் கீபோர்டு ஒலியோ, எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்தியைக் காந்தப்புலத்தால் தொடர்ந்து அதிரவைக்கும் ஈபோவோ அந்த வேலையைச் செய்யும்.

முன்பே பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பதைச் சோகப் பாட்டுகளுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். வரியின் முடிவில் பாடகர் ஒரு மூச்சு அதிகம் எடுக்க விரும்பினால் டிராக் காத்திருக்காது. அந்தக் கூடுதல் மூச்சில்தான் இந்தப் பாட்டுகளின் உயிர் இருக்கிறது.

இன்னொன்றையும் தீர்மானிக்க வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் முழுக் குழு தேவையா? புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தின் பாட்டுகளை முதலில் வீட்டில் நான்கு டிராக் கேசட் கருவியில்தான் பதிவு செய்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்தும் அது சரியாக அமையவில்லை. கடைசியில் அந்தக் கேசட் பதிவே ஆல்பமாக வந்தது. உங்கள் பட்டியலிலும் அப்படி இரண்டு பாட்டாவது இருக்கும். அவற்றுக்கு மற்ற நால்வரும் மேடையில் அசையாமல் நிற்கட்டும், அல்லது இறங்கிப் போகட்டும். சும்மா நிற்க முடியாமல் மெல்ல ஷேக்கரை ஆட்டத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் கேடு.

சுருதியும் வேகமும்

வீட்டில் மைக்குக்கு மிக அருகில் முணுமுணுத்துப் பாடியபோது ஒத்துவந்த சுருதி மேடைக்குத் தாழ்வாக இருக்கலாம். அடிச்சுரங்களில் குரல் பேஸ் கிட்டாரோடும் அக்கூஸ்டிக் கிட்டாரின் கீழ்த் தந்திகளோடும் கலந்து மறைந்துவிடும். பாட்டின் மிகத் தாழ்ந்த வரியை, மைக் இல்லாமல், கிட்டார் வாசித்தபடி, ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். சொற்கள் விளங்கவில்லை என்றால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வியான கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டி ஒரு முழுச்சுரம் ஏற்றிப் பாருங்கள். விரல் அமைப்பு மாறாது, திறந்த தந்திகளின் ஒலியும் அப்படியே இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் மேல்வரிகளில் குரல் இறுகும். இறுகிய குரலில் சோகம் கோபமாகக் கேட்கிறது.

வேகம் இதைவிட முக்கியம். மேடையில் இதயத்துடிப்பு கூடும், மெதுவான பாட்டு தானாக விரையும். நிமிடத்துக்கு 68 அடியில் பதிவான நான்கு நிமிடப் பாட்டில் 272 அடிகள் இருக்கும். அதை 74-இல் வாசித்தால் சுமார் 20 விநாடி முன்னதாக முடிந்துவிடும். அந்த 20 விநாடியும் வரிகளுக்கு இடையிலான மூச்சிலிருந்துதான் வெட்டப்பட்டிருக்கும். டிரம்மருக்கு முன் சத்தமில்லாமல் விளக்கு மட்டும் மினுக்கும் மெட்ரோனோம் வையுங்கள். பாட்டு தொடங்குமுன் நான்கு அடி அதைப் பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும். பாட்டு முழுவதும் அதைப் பின்பற்ற வேண்டாம். டிரம்ஸ் இல்லாமல் தொடங்கும் பாட்டுக்கு வேகத்தை நிர்ணயிப்பவர் கிட்டார் வாசிப்பவர். அவர் முதல் வரியை அல்ல, பல்லவியை மனதுக்குள் பாடிப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். பல்லவி வேகம் சரியாக இருந்தால் சரணமும் சரியாக வரும்.

ஒத்திகைகளை ஃபோனில் பதிவு செய்து, ஒவ்வொரு பாட்டின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் விரலால் தட்டி வேகத்தை அளந்து பாருங்கள். பல்லவி பெருகும் இடத்தில் இரண்டு மூன்று அடி கூடுவது இயல்புதான், அதை விட்டுவிடலாம். பெருக்கம் அடங்கியபின் வேகம் பழைய இடத்துக்குத் திரும்பாமல் போனால்தான் திருத்த வேண்டும்.

மேடைச் சத்தத்தைக் குறைப்பது

உழைப்பில் பாதியை இங்கே செலவிடலாம்.

டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள். குச்சிக்குப் பதில் பிரஷ், மெல்லிய குச்சிகளின் கட்டான ராட்ஸ், ஃபெல்ட் தலை வைத்த மாலட் ஆகிய மூன்றையும் கைவசம் வைத்திருங்கள். ‘குச்சியாலேயே மெதுவாக அடிக்கிறேன்’ என்று டிரம்மர் சொல்வார். மெதுவாக அடித்தால் ஸ்னேர் டிரம்மின் தொனியே மாறி, தயங்கித் தயங்கி அடிப்பதுபோல் கேட்கும். பிரஷ்ஷால் முழுமனதோடு அடிப்பது அதைவிட நன்றாக இருக்கும். ஸ்னேரின் முகத்தில் பாதியை மெல்லிய பருத்தித் துண்டால் மூடினால் ஒலி குட்டையாகி, பழைய பதிவுகளில் கேட்கும் ‘தொப்’ என்ற ஓசை வரும். கிக் டிரம்முக்குள் மடித்த போர்வையை இரண்டு தோல்களையும் தொடுமாறு வையுங்கள். சிம்பல்களில் ஒரு ரைடும் ஹை-ஹாட்டும் போதும்.

சிம்பலைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மெல்லப் பாடுபவரின் மைக்குக்குக் கெய்ன் அதிகம் வைக்க வேண்டியிருக்கும். அவருக்கு நேர் பின்னால் டிரம்ஸ் இருந்தால் மைக் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். பாடகர் வாயை மூடும்போதெல்லாம் சிம்பல்தான் குரல் சேனலில் வரும். டிரம்ஸை மேடையின் ஒரு பக்கத்துக்கு நகர்த்தி, எதிர்ப்பக்கத்தைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். படம் எடுப்பவர்கள் முகம் சுளித்தாலும் குரல் துலக்கமாகக் கேட்கும்.

மெல்லிய பாட்டில் பேஸ் வாசித்தவுடன் ஸ்னேர் ‘கிர்ர்’ என்று அதிரும். அதன் அடியிலுள்ள கம்பிகள் பேஸின் அதிர்வுக்கு எதிரொலிப்பதால் வருவது இது. ஸ்னேர் பயன்படாத பாட்டுகளில் பக்கத்திலுள்ள நெம்புகோலை இறக்கிவிட்டால் நின்றுவிடும். பாட்டு வரிசைத் தாளில் அந்தப் பாட்டுக்கு எதிரே ‘ஸ்னேர் ஆஃப்’ என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் டிரம்மர் மறந்துவிடுவார்.

பேஸை டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்கு அனுப்புங்கள். மேடையில் ஆம்ப் தேவையென்றால் தடித்த ஃபோம் பலகையின் மேல் வையுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள மரமேடை கீழ்ச்சுரங்களைப் பெருக்கி, அக்கூஸ்டிக் கிட்டாரை ஊளையிடத் தூண்டும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 5 முதல் 15 வாட் வரையுள்ள சிறிய ஆம்ப் போதும். அதைப் பின்னோக்கிச் சாய்த்து வாசிப்பவரின் காதைப் பார்க்க வைத்தால் அவரே சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். தரையில் நிமிர்ந்து நிற்கும் ஆம்ப் அவர் முழங்காலுக்குத்தான் கேட்கும்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் தந்திகள் தாங்கி நிற்கும் சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப் பல இடங்களில் தகரம்போல் ஒலிக்கக் காரணம், அதைத் தகுந்த இன்புட் இல்லாத கருவியில் செருகுவது. கிட்டாருக்குள் ப்ரீஆம்ப் இல்லாத பிக்கப்புக்குக் குறைந்தது 1 மெகாஓம் இன்புட் மின்தடை உள்ள ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) அல்லது மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டி.ஐ. வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட்டில் அந்தத் தடை அதில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் கீழ்ச்சுரங்கள் வடிந்துபோய் மெலிந்த ஒலி மட்டுமே மிஞ்சும். ஆக்டிவ் டி.ஐ. வைத்தால் அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மிக்ஸர் கேபிள் வழியே தரும் மின்சாரம்) போடச் சொல்ல மறக்காதீர்கள். பிறகு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் சற்றுக் குறைத்தால் பீசோவின் கரகரப்பு அடங்கும். பெரிய உடல் கிட்டார்கள் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஊளையிடும். கிட்டாரின் துளைக்குள் இருக்கும் காற்று அந்த இடத்தில்தான் இயல்பாக அதிர்கிறது. துளையை ரப்பர் மூடியால் அடைப்பது முதல் மருந்து. டி.ஐ.யில் உள்ள, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனைத் தட்டிப் பார்ப்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடங்காவிட்டால் மட்டும் ஈக்வலைஸரைத் தொடுங்கள்.

குரல் மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வைக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபல் குறையும். மெல்லப் பாடுபவருக்கு அந்த 6 டெசிபல்தான் மைக் விசிலடிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். இவ்வளவு அருகில் பாடினால் அடிக்குரல் தடிக்கும். கீழொலிகளை வெட்டும் ஹைபாஸை 100 ஹெர்ட்ஸில் போட்டு, 200-ஐ ஒட்டிக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். மானிட்டரை எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது. முன்புற ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால்தான் காது மந்தம், மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே இருக்கலாம். அதைவிடக் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு மந்தமான இடம் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 பாகையில் இருப்பதால் மானிட்டரைப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டு மைக்கைக் குறை சொல்லும் மேடைகள் ஏராளம். இன்னொரு கணக்கும் உண்டு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் மீண்டும் புகுந்து எழும் விசில்) வருமுன் கிடைக்கும் கெய்ன் 3 டெசிபல் குறையும். ஆகவே அந்தப் பாட்டில் பாடாதவர்களின் மைக்கை மூடிவைக்கச் சொல்லுங்கள்.

பாட்டு வரிசையும் ட்யூனிங்கும்

45 நிமிட நிகழ்ச்சிக்கு ஒன்பது பாட்டு போதும். சுமார் 38 நிமிடம் பாட்டு, மீதி நேரம் ட்யூனிங்கும் மௌனமும் ஓரிரு சொற்களும். ஆல்பத்தின் வரிசையை அப்படியே மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம்தான். வரிசை அந்தத் தட்டைத் திருப்பும் இடைவெளியை மனதில் வைத்து அமைந்திருக்கும். மேடையில் அந்த இடைவெளி இல்லை. முதல் பக்கத்தின் கனமான கடைசிப் பாட்டும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டும் ஒட்டி நின்று ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

மிக மெல்லிய பாட்டை முதலில் வைக்காதீர்கள். மக்கள் அப்போது இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். நடுத்தர வேகத்தில் இரண்டு பாட்டு முடிந்தபின் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். மிக உரத்த இடம் நிகழ்ச்சியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி வருவது நல்லது. ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்தால் கேட்பவருக்கு ஒரே நீண்ட பாட்டாகிவிடும். பாடகருக்கு மிகவும் வலிக்கும் பாட்டு ஒன்று இருந்தால், அதை அடுத்து இன்னொருவர் பாடுவதையோ பாட்டில்லாத இசையையோ வையுங்கள். தொண்டை அடைத்துக்கொண்டால் மீள இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

ஒரே ட்யூனிங்கில் உள்ள பாட்டுகளைத் தொகுத்து வையுங்கள். சாதாரண ட்யூனிங்கிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற மாற்று ட்யூனிங்குக்கு மாற மூன்று தந்திகளை இறக்க வேண்டும்: ஆறாவது, இரண்டாவது, முதலாவது. இறக்கும்போது தேவையான சுரத்துக்கும் கீழே போய்விட்டு, அங்கிருந்து மேலேற்றி நிறுத்துங்கள். நேராக இறக்கி நிறுத்தினால் நட் (கழுத்தின் தலைப்பில் தந்திகள் கடக்கும் துண்டு) பள்ளத்தில் சிக்கியிருந்த இழுவிசை பாட்டின் நடுவே விடுபட்டு சுரம் பிசகும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினால் அந்தச் சிக்கல் குறையும். கேப்போ மாட்டினால் தந்திகள் சற்று மேலேறும், மாட்டியபின் மறுபடி சரிபாருங்கள். புதுத் தந்தி மாட்டுவதானால் முந்தின நாளே மாட்டி, இழுத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது வாசித்துவிடுங்கள். ட்யூன் செய்யும் அரை நிமிடத்தில் கீபோர்டுகாரர் அடுத்த பாட்டின் ஆதாரசுருதியைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அரங்கின் மனநிலை கலையாது. அப்போது கிட்டார்காரர் கண்ணால் பார்க்கும் ட்யூனரை நம்ப வேண்டும், ஒலியை மியூட் செய்துவிட வேண்டும்.

சவுண்ட் செக்

அரங்கத்துக்கு ஒரு வாரம் முன்பே மேடை வரைபடத்தையும் சேனல் பட்டியலையும் அனுப்பிவிடுங்கள். ஐந்து பேர் குழுவுக்குப் பட்டியல் ஏறத்தாழ இப்படி வரும்: கிக், ஸ்னேர், டிரம்ஸுக்கு மேலே ஒரு மைக், பேஸ் டி.ஐ., எலெக்ட்ரிக் ஆம்ப்புக்கு ஒன்று, அக்கூஸ்டிக் டி.ஐ. இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு, வயலினுக்கு ஒன்று, குரல் மூன்று. மொத்தம் 13 சேனல்.

சவுண்ட் செக்கை மிக மெல்லிய பாட்டில் தொடங்குங்கள். கிக் டிரம்மைப் பத்து நிமிடம் அடித்துக் காட்டும் பழக்கம் இந்த இசைக்கு உதவாது. குரலும் கிட்டாரும் அரங்கில் சரியாக நின்றபின் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேரட்டும். யார் சேர்ந்ததும் குரல் மங்குகிறதோ அவர்தான் குறைக்க வேண்டும். குரலைக் கூட்டக் கூடாது. மானிட்டரில் ஃபீட்பேக்கை அடக்க மெல்லக் கூட்டிக்கொண்டே போய், ஒலிக்கத் தொடங்கும் அலைவரிசையை மட்டும் 3 முதல் 6 டெசிபல் குறைப்பார்கள். மூன்று நான்கு இடங்களுக்கு மேல் வெட்டினால் குரல் வெறுமையாகிவிடும். அதற்கு மேலும் தேவைப்படுகிறது என்றால் மானிட்டர் சத்தமே அதிகம் என்று பொருள்.

டிலே வைக்கும் பாட்டுகளுக்கு 60,000-ஐ வேகத்தால் வகுத்து எழுதிக் கொடுங்கள். வருவது ஓர் அடியின் நீளம்: 72 அடிக்கு 833 மில்லிசெகண்ட். அரங்க முழக்கம்போல் ஒலியை நீட்டும் ரிவர்ப்புக்கு 20 முதல் 40 மில்லிசெகண்ட் ப்ரீடிலே (அது தொடங்குமுன் ஒரு தாமதம்) வைத்தால் சொற்கள் தெளிவாகக் கேட்டபின் அதன் பின்னணியில் நீட்சி வரும். காலி அரங்கில் ஒலி கூர்மையாகவும் நீண்டும் கேட்கும். மக்கள் நிறைந்ததும் உடல்களும் உடைகளும் மேல்சுரங்களை உறிஞ்சிவிடும். எனவே சவுண்ட் செக்கில் ஒலி சற்றுக் கூர்மையாகத் தோன்றினால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

அடுத்து எல்லாரும் ஒரு நிமிடம் வாசிக்காமல் நின்று கேளுங்கள். புகை இயந்திரத்தின் சீறல், விளக்குகளின் விசிறி, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரால் எலெக்ட்ரிக் கிட்டாரின் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் வரும் இரைச்சல் எல்லாம் இப்போது தெரியும். மெல்லிய பாட்டுகளில் புகை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆம்ப்புகளுக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி மின்சுற்று கேளுங்கள். விளக்கு இயக்குபவரிடம் ஒரு வேண்டுகோள் முக்கியம்: கடைசி ஸ்வரத்தோடு விளக்கை அணைக்காமல் ஐந்து முதல் எட்டு விநாடியில் மெல்லத் தாழ்த்தட்டும். சட்டென்று இருட்டானால் கைதட்டல் தொடங்கி, கிட்டாரின் தேய்வு அதில் மூழ்கிவிடும்.

நிகழ்ச்சி நேரத்தில்

அரங்கில் பேச்சுச் சத்தம் எழுந்தால் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்லாதீர்கள். சுற்றுச் சத்தம் ஏறினால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911-இல் எழுதிய விளைவு இது, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நீங்கள் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். அடுத்த சரணத்தில் டிரம்ஸையும் பேஸையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விடுங்கள். தன் பேச்சுத் தனித்துக் கேட்பதை உணர்ந்தவர் தானாக நிறுத்துவார். ஆனால் அரங்கில் பாதிப் பேராவது கேட்டுக்கொண்டிருந்தால்தான் இது பலிக்கும். யாருமே கவனிக்காத இடத்தில் நடுத்தர வேகப் பாட்டுகளை முன்னுக்குக் கொண்டுவருவதே நல்லது.

ஒவ்வொரு பாட்டின் பின்னணியையும் விளக்க வேண்டாம். இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை ஓரிரு வாக்கியம் போதும். பாட்டு முடிந்ததும் கிட்டாரின் ஒலி முழுதாகத் தேயும்வரை யாரும் கையை எடுக்கவோ, பெடலை மிதிக்கவோ, தண்ணீர் பாட்டிலைத் தொடவோ கூடாது. யார் கையை எடுத்தால் பாட்டு முடிந்ததாகப் பொருள் என்று ஒத்திகையிலேயே ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியை இரண்டு இடங்களில் பதிவு செய்யுங்கள்: மிக்ஸரிலிருந்து ஒன்று, அரங்கின் நடுவில் கையடக்க ரெக்கார்டரால் இன்னொன்று. மிக்ஸர் பதிவில் டிரம்ஸ் மெலிந்தும் குரல் தூக்கலாகவும் இருக்கும். மேடையிலிருந்து நேரே அரங்குக்குப் போகும் ஒலி அதில் சேராததே காரணம். அதை மட்டும் கேட்டுவிட்டு டிரம்ஸ் போதவில்லை என்று முடிவு செய்தால் அடுத்த நிகழ்ச்சி கெட்டுவிடும். டிரம்ஸ், பேஸ், குரல் ஆகியவற்றின் அளவை நடு அரங்கப் பதிவை வைத்துத் தீர்மானியுங்கள். சுரம் பிசகியதா, வேகம் கூடியதா, வரி மறந்ததா என்பதற்கு மிக்ஸர் பதிவைப் பாருங்கள்.